அம்பெர்ட்: ஏற முடியாத கோட்டை இத்தனை முறை கைமாறியது எப்படி?

ஆர்மேனியாவுக்குப் போய் வருபவர்கள் பகிரும் படங்களில் ஒரு காட்சி தவறாமல் இடம்பெறும். பின்னால் அரகாட்ஸ் மலை. முன்னால் இடிந்த கருங்கல் மதில்கள். சற்றுக் கீழே, பாதி விரித்த குடை போன்ற கூரையோடு ஒரு சிறு தேவாலயம். இடத்தின் பெயர் அம்பெர்ட்.

படத்துக்குக் கீழே எழுதப்படும் விவரத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் ‘7ஆம் நூற்றாண்டுக் கோட்டை’ என்பார். இன்னொருவர் ‘1026இல் கட்டப்பட்டது’ என்பார். மூன்றாமவர் 13ஆம் நூற்றாண்டு இளவரசர் ஒருவரின் பெயரைச் சொல்வார். மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. ஏன் என்று கீழே பார்ப்போம். ஆனால் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘யாராலும் வெல்ல முடியாத கோட்டை’ என்ற வரிக்குத்தான் ஆதாரமே இல்லை. அம்பெர்ட்டை செல்ஜுக் துருக்கியர் பிடித்தார்கள். ஜார்ஜிய அரசின் தளபதிகள் மீட்டார்கள். ஒரு பிரபு விலை கொடுத்து வாங்கினார். மங்கோலியர் எடுத்துக்கொண்டார்கள். 200 ஆண்டுகளுக்குள் நடந்தவை இவை.

2,300 மீட்டர் உயரத்தில், இருபுறமும் பள்ளத்தாக்கு காக்கும் ஒரு கோட்டை இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்தது எப்படி? இதற்கு விடை தேட மதிலை மட்டும் பார்த்தால் போதாது. மலையடிவாரத்தையும், மேற்கே இருந்த தலைநகரையும் பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

ஆர்மேனிய மொழியில் ‘பெர்ட்’ என்றால் கோட்டை. ‘அம்பெர்ட்’ என்பதற்கு ‘மேகக் கோட்டை’ என்று பொருள் சொல்வது வழக்கம். மேகம் அந்த மலைச்சரிவில் அடிக்கடி தங்குகிறது என்பதால் பெயர் பொருந்தவும் செய்கிறது.

‘நகரார்’ என்பது பரம்பரை நிலப்பிரபுக் குடும்பங்களைக் குறிக்கும். நம் காதில் நகரத்தார் என்று விழுந்தாலும், இவர்கள் நகரத்தைவிட மலையையும் பள்ளத்தாக்கையும் நம்பியவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த நிலம், சொந்தப் படை, சொந்தக் கோட்டை இருந்தன. அரசன் இருந்த காலத்தில் அவனுக்குப் படை அனுப்பினார்கள். அரசன் இல்லாத நூற்றாண்டுகளிலும் இவர்கள் இருந்தார்கள். ஆர்மேனிய வரலாற்றின் முதுகெலும்பு இவர்களே; அதன் பலவீனமும் இவர்களே.

‘ஸ்பராபெத்’ என்றால் படைத்தலைவர். அரசனுக்கு அடுத்த நிலை என்று கொள்ளலாம்.

இடையில் ஒரு செய்தி. சென்னை பாரிமுனைப் பகுதியில் வணிகம் செய்த ஆர்மேனியர்களின் பெயரால் அமைந்த ஆர்மேனியன் தெரு, தமிழ் வாயில் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆகிவிட்டது. அந்த வணிகர்கள் பாரசீகத்தின் ஜுல்பா வழியாகப் பிற்காலத்தில் வந்தவர்கள். அம்பெர்ட்டின் பிரபுக்களோடு அவர்களுக்கு நேரடித் தொடர்பு கிடையாது. இருந்தாலும், அரண்களின் நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தவறாக வாய்த்த பெயர் அத்தனை தவறாகவும் இல்லை.

இடம்: எது பலம், எங்கே ஓட்டை

அரகாட்ஸ் 4,090 மீட்டர் உயரமுள்ள, அணைந்துபோன எரிமலை. இன்றைய ஆர்மேனியக் குடியரசின் மிக உயரமான மலை இதுதான். அதன் தெற்குச் சரிவில் அம்பெர்ட், ஆர்காஷேன் என்ற இரண்டு ஆறுகள் ஆழமான பள்ளங்களை அறுத்துக்கொண்டு இறங்கிக் கீழே ஒன்று சேர்கின்றன. இரண்டுக்கும் நடுவே நாக்குப் போல நீளும் பாறை முனையில்தான் கோட்டை இருக்கிறது. அந்த அமைப்பைப் படிப்படியாக இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

1. முனையின் இரு பக்கங்களும் செங்குத்தான பள்ளத்தாக்குகள். அங்கே படை ஏறுவது கடினம். சுவர் இடிக்கும் பொறிகளைக் கொண்டுவர வழியே இல்லை.

2. மலையோடு ஒட்டியிருக்கும் மேற்புறம் மட்டுமே திறந்த பக்கம். கட்டியவர்கள் தங்கள் உழைப்பையெல்லாம் அங்கேதான் கொட்டினார்கள். தடித்த சுவர், வரிசையாக அரைவட்டக் கொத்தளங்கள், அவற்றை ஒட்டி மூன்றடுக்குக் கோட்டைமனை. வட்டமான கொத்தளத்தில் மோதும் கல் வழுக்கிப்போகும். மூலை இல்லாததால் பெயர்த்தெடுப்பதும் கடினம்.

3. ஓட்டையும் அதே பக்கத்தில்தான். வழக்கமான மலைக்கோட்டை உச்சியில் இருக்கும். எதிரி கீழிருந்து ஏறி வருவான். அம்பெர்ட் உச்சியில் இல்லை, சரிவில் இருக்கிறது. பின்னால் மலை இன்னும் உயர்ந்துகொண்டே போகிறது. ஆகவே திறந்த பக்கத்தை அடைந்துவிட்ட எதிரிக்குக் கோட்டையைவிட மேலான நிலம் கிடைக்கிறது.

4. தண்ணீருக்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன. மலையின் மேலிருந்து குழாய்கள் வழியாக நீர் வந்தது. அதைச் சேமிக்கத் தொட்டிகள் இருந்தன. முற்றுகைக் காலத்தில் குழாயை எதிரி உடைத்துவிட்டால், ஆர்காஷேன் ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கும் மறைவழி ஒன்று இருந்தது.

தண்ணீர் எவ்வளவு தாராளமாக வந்தது என்பதற்குக் கோட்டைக்குள் இருக்கும் குளியல் கட்டடமே சாட்சி. சிறிய கட்டடம், இரண்டு அறைகள், மேலே குவிமாடக் கூரை. அடுப்பின் சூடான காற்று தரைக்கு அடியில் ஓடி அறையை வெதுவெதுப்பாக்கும். ரோமானியர் காலத்திலிருந்து தெரிந்த நுட்பம்தான். ஆனால் 2,300 மீட்டர் உயரத்தில், விறகும் வேலையாட்களும் கீழிருந்து வரவேண்டிய இடத்தில் இதைக் கட்டியவர்கள் வெறும் காவல் படையாக இருந்திருக்க முடியாது. இங்கே ஒரு பிரபுவின் குடும்பம் வசதியாக வாழ்ந்தது.

வசதிக்கான விலையும் அங்கேயே இருக்கிறது. மலைமேல் மேய்ச்சல் உண்டு. பெரிய வயல் கிடையாது. கோதுமையும் திராட்சையும் விளைந்தது கீழே அரராத் சமவெளியில். கோட்டையின் களஞ்சியத்தை நிரப்பியது அடிவாரக் கிராமங்களின் விளைச்சல். எனவே சமவெளி யார் கையில் இருக்கிறதோ, அவர்களிடம்தான் கோட்டையின் சோற்றுப் பானையும் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிதாக விளங்கும்.

எந்த நூற்றாண்டுக் கோட்டை?

தொடக்கத்தை 7ஆம் நூற்றாண்டில் வைத்து, கம்சரகான் என்ற நகரார் குடும்பத்துக்கு உரியதாகச் சொல்வது மரபு. பண்டைப் பாரசீகத்தை ஆண்ட பார்த்தியரின் வழிவந்த இந்தக் குடும்பம் மேற்கே சிராக் நாட்டையும் ஆண்டது. 640இல் அராபியப் படைகள் ஆர்மேனியாவின் தலைநகரான துவினைப் பிடித்திருந்த காலம் அது. சமவெளி நகரம் பாதுகாப்பில்லை என்று கண்டவர்கள் மலையை நாடியதில் வியப்பில்லை.

775இல் அராபிய ஆட்சிக்கு எதிரான பெருங்கிளர்ச்சி பக்ரவந்தில் நடந்த போரோடு முறிந்தது. பல நகரார் குடும்பங்கள் அதில் அழிந்தன, தப்பியவை நொடித்தன. கம்சரகான்கள் சிராக், அர்ஷரூனிக் ஆகிய தங்கள் நிலங்களைப் பக்ரதூனி என்ற இன்னொரு நகரார் குடும்பத்துக்கு விற்றுவிட்டார்கள். ஆர்மேனிய இடைக்கால வரலாற்றை வாளும் சிலுவையும் மட்டுமே கொண்டு சொல்பவர்கள் இந்த விற்பனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பக்ரதூனிகளின் பிற்கால அரசுக்கு அடித்தளம் இதில்தான் விழுந்தது. 885 வாக்கில் அவர்களுள் ஒருவரான அஷோத் முடிசூடினார். 961இல் மேற்கே இருந்த ஆனி நகரம் அவர்களின் தலைநகரானது.

அம்பெர்ட் இந்த அரசின் அரண்களில் ஒன்றானது. பின்னர் பஹ்லவூனி குடும்பத்தின் கைக்கு வந்தது. அக்குடும்பத்தின் வஹ்ராம் 1026இல் எழுப்பியதுதான் படங்களில் நாம் பார்க்கும் தேவாலயம். அவர் பெயராலேயே வஹ்ராமாஷென் என்று அழைக்கப்படுகிறது. ஆண்டைக் கல்வெட்டே சொல்கிறது.

ஆக, படவிளக்கங்களின் புதிர் இப்படி அவிழ்கிறது: மரபுப்படி தொடக்கம் 7ஆம் நூற்றாண்டு, தேவாலயம் 1026, இன்று நிற்கும் மதில்களும் கோட்டைமனையும் பெரும்பாலும் 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேறு கைகளில் கட்டியும் திருத்தியும் வளர்ந்தவை. பழைய வீட்டுக்கு எந்த ஆண்டு என்று கேட்டால் திண்ணைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று சொல்ல வேண்டிவருவது போலத்தான்.

1022 முதல் 1045 வரை: கோட்டை தாக்கப்படாமலேயே தோற்ற கதை

அம்பெர்ட்டின் விதியைத் தீர்மானித்தது இந்த இருபத்து மூன்று ஆண்டுகள். இந்தக் கதையில் கோட்டையின் மதில் மீது ஒரு கல் கூட விழவில்லை.

ஆனியின் அரசன் ஹோவ்ஹான்னெஸ் ஸ்ம்பாத். தம்பி அஷோத் அவனை எதிர்த்துத் தனியாக ஆண்டுகொண்டிருந்தான். வடக்கே ஜார்ஜிய மன்னனோடு பைசாந்தியப் (கிழக்கு ரோமப்) பேரரசர் இரண்டாம் பசில் போர் தொடுத்தபோது, ஹோவ்ஹான்னெஸ் ஜார்ஜியாவின் பக்கம் சாய்ந்திருந்தான். பசில் வென்றார். அடுத்த இலக்கு தானே என்று அஞ்சிய அரசன், திருச்சபைத் தலைவரான பெத்ரோஸை, பசில் தங்கியிருந்த டிரபிசாண்டு நகருக்குத் தூது அனுப்பினான். 1022இல் அங்கே ஓர் ஆவணம் ஒப்படைக்கப்பட்டது: தன் ஆயுள் முழுவதும் தானே ஆளலாம், இறந்தபின் ஆனி நாடு பேரரசுக்குச் சேரும். உயில் எழுதி நாட்டைக் கொடுத்த கணக்கு.

வஹ்ராம் பஹ்லவூனி அம்பெர்ட்டில் தேவாலயம் கட்டியது இதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து. அதற்கு முன்பே, 1021இல், அவருடைய சகோதரர் வாசக் கிழக்கிலிருந்து வந்த தைலமிய (வட பாரசீக மலைநாட்டு) படையோடு நடந்த போரில் இறந்திருந்தார். ஒரு பக்கம் வாள், இன்னொரு பக்கம் உயில். நடுவில் நின்று கட்டிய கட்டடம் அது. தரையமைப்பு சிலுவை வடிவம். நான்கு மூலைகளிலும் சிறு அறைகள். மேலே கழுத்துப் போல உயர்ந்த பகுதியின் மீது குடை மடிப்புக் கூரை. செதுக்கி இழைத்த கற்கள். பக்கத்துக் கோட்டையின் முரட்டுக் கருங்கல்லோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை என்றே தோன்றாது.

1041இல் ஹோவ்ஹான்னெஸ் இறந்தான். தம்பியும் ஏறக்குறைய அதே காலத்தில் இறந்தான். பைசாந்தியம் உயிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது. அதன் பிறகு நடந்தவற்றின் வரிசை:

1. அரசவையில் ஒரு கட்சி, நாட்டை ஒப்படைத்துவிடலாம் என்றது. அதன் தலைவர் சர்கிஸ். எதிர்க்கட்சிக்குத் தலைமை தாங்கியவர் வஹ்ராம்.

2. ஆனியை நோக்கி வந்த பைசாந்தியப் படையை வஹ்ராம் முறியடித்தார். 1042இல் இளைஞனான இரண்டாம் காகிக்கை அரியணையில் ஏற்றினார்.

3. போரில் கிடைக்காததைப் பேரரசு பேச்சில் தேடியது. காகிக்கைத் தன் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளுக்கு அழைத்தது. போனவனைத் திரும்ப விடவில்லை. அரசுரிமையைத் துறக்க வைத்தது.

4. அரசன் இல்லாத ஆனி 1045இல் பேரரசின் கைக்குப் போனது. வஹ்ராமின் சகோதரர் மகனும் பெரும் அறிஞருமான கிரிகோர், தன் பிஜ்னி கோட்டையையும் நிலங்களையும் விட்டுக்கொடுத்து ‘மாகிஸ்திரோஸ்’ என்ற பைசாந்தியப் பட்டமும் வேறு இடத்தில் நிலமும் பெற்றார்.

5. வஹ்ராம் சில ஆண்டுகளிலேயே துவினை ஆண்ட முஸ்லிம் எமிரை எதிர்த்த போரில் இறந்தார். அந்தப் போரில் அவர் நின்றது, ஒரு காலத்தில் ஆனி வாயிலிலிருந்து தானே விரட்டிய பைசாந்தியத்தின் பக்கம்.

இதில் அம்பெர்ட் எங்கே? எங்கும் இல்லை. அதுதான் விஷயம். அதைக் காக்க வேண்டிய பஹ்லவூனிகள் சிலர் போரில் இறந்தார்கள், சிலர் மேற்கே இடம்பெயர்ந்தார்கள். முற்றுகையைத் தாங்கும் கோட்டை என்பதற்குப் பொருள், வெளியிலிருந்து உதவிப் படை வரும்வரை தாங்கும் என்பதே. உதவிப் படை அனுப்பும் அரசு 1045இல் மறைந்துவிட்டது. மறைவழியும் தண்ணீர்த் தொட்டியும் அதற்கு மாற்றாக முடியாது.

பேரரசு பிடித்த நாட்டைக் காக்கவும் இல்லை. 1064இல் செல்ஜுக் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் ஆனியைப் பிடித்தார். 1071இல் மன்சிகெர்ட் போரில் பைசாந்தியப் படையே சிதறியது. அந்தப் பத்தாண்டில் அம்பெர்ட்டும் செல்ஜுக்குகளிடம் போனது. தலைநகர் விழுந்தது முதலில். மலைக்கோட்டை விழுந்தது பிறகு.

மீட்டவரும் வாங்கியவரும்

நூறாண்டுக்கு மேல் கழித்து நிலைமை மாறியதும் இதே வழியில்தான்: வெளியே ஒரு வலுவான அரசு உருவானது. ஜார்ஜியாவில் அரசி தமார் 1184 முதல் ஆண்டார். அவரது படைகளை நடத்தியவர்கள் ஆர்மேனிய சக்கரியான் குடும்பத்தின் சக்காரே, இவானே என்ற சகோதரர்கள். 1196இல் அம்பெர்ட்டை மீட்டார்கள். சில ஆண்டுகளில் ஆனியும் துவினும் வந்தன.

சக்கரியான்கள் மீட்ட நிலத்தை நிர்வகிக்கப் புதிய குடும்பங்கள் தேவைப்பட்டன. பழைய நகரார்கள் பெரும்பாலும் இல்லாமல் போயிருந்தார்கள். அப்படி எழுந்த புதுப் பணக்காரக் குடும்பம் வச்சூத்யான். அதன் தலைவர் வாச்சே 1215இல் அம்பெர்ட்டை விலைக்கு வாங்கினார்.

விலைக்கு வாங்கினார் என்பதை நம் காலத்துப் பத்திரப் பதிவு போல எண்ண வேண்டாம். கோட்டையோடு சேர்ந்து வருபவை அதன் கிராமங்கள், வரி வாங்கும் உரிமை, நீர் உரிமை, ஒரு பழைய குலத்தின் கௌரவம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் வாச்சே அதிகம் கொடுத்திருப்பார் என்பது என் கணிப்பு. ஏனெனில் அவர் தன் செல்வத்தைப் பெரிதும் செலவிட்டது மதில்களில் இல்லை. அம்பெர்ட்டை வாங்கிய அதே 1215இல் சக்மோசவாங்க் மடத்தின் முதன்மைத் தேவாலயத்தைக் கட்டினார். அவருடைய மனைவி மமாஹாதூன் அதற்கு முன்பே, 1213இல், அரகாட்ஸ் சரிவிலேயே தெகெர் மடத்தின் தேவாலயத்தைக் கட்டியிருந்தார். ஹோவ்ஹான்னவாங்க் மடத்தின் பெரிய தேவாலயமும் வாச்சேயின் கொடைதான். புதிதாக உயர்ந்த குடும்பம், ஊர் மதிக்கும்படி கோயில் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம்.

மங்கோலியரும் அதன் பிறகும்

1236இல் மங்கோலியர் அம்பெர்ட்டைப் பிடித்தார்கள். கோட்டையின் கதை ஏறத்தாழ அங்கே முடிகிறது. ஆனால் குடும்பத்தின் கதை முடியவில்லை. மங்கோலியரை எதிர்த்த நகரங்கள் சூறையாடப்பட்டன. ஆனிக்கு நேர்ந்தது அதுவே. பணிந்த பிரபுக்களுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது, வரியும் படையும் தருகிறோம் என்ற வாக்குறுதிக்கு ஈடாக. சக்கரியான் குடும்பத்தினரே பணிந்தார்கள். வச்சூத்யான்களும் நீடித்தார்கள்: வாச்சேயின் மகன் கூர்த் 1255இல் சக்மோசவாங்கில் கையெழுத்துச் சுவடிகளுக்கென ஒரு நூலகம் கட்டினார். கோட்டை போய் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆன பின், மங்கோலியர் ஆட்சியில், அவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுத்து வரியை இறுக்கிய 1254ஐ அடுத்த ஆண்டில்.

அந்த நூலகம் கசாக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இன்றும் நிற்கிறது. அம்பெர்ட்டின் மதில் அப்படி முழுதாக நிற்கவில்லை. இதற்குக் கட்டுமானக் காரணமும் உண்டு. ஆர்மேனியச் சுவர் என்பது இரு பக்கமும் செதுக்கிய கல், நடுவே சுண்ணாம்புச் சாந்தில் கலந்த உடைகல். ஆள் இருந்தால் விழுந்த கல்லை உடனே வைத்துவிடுவார்கள். ஆள் இல்லாவிட்டால் மழையும் பனியும் உள்ளே இறங்கி, சாந்தைத் தளர்த்தி, முகப்புக் கற்களைத் தள்ளிவிடும். மிச்சத்தை நிலநடுக்கம் பார்த்துக்கொள்ளும். ஆர்மேனியாவில் அதற்குப் பஞ்சமில்லை. மடத்தில் துறவிகள் இருந்தார்கள். அம்பெர்ட்டில் 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் இருக்க ஒருவருக்கும் காரணம் இல்லை. வரி வசூல் கீழே நடந்தது, பாதுகாப்பு மங்கோலியப் பேரரசின் பொறுப்பு. இடிபாடுகளின் நடுவே வஹ்ராமின் தேவாலயம் ஏறக்குறைய முழுதாக நிற்பதற்கு அதன் சிறிய அளவும், இறுக்கமாகப் பொருத்திய கற்களும் பெரிதும் உதவின.

1936 முதல் சோவியத் காலத்தில் பல கட்டங்களாக அகழாய்வு நடந்தது. குழாய்கள், குளியல் கட்டடம், மெருகிட்ட மட்பாண்டங்கள், உலோகப் பொருட்கள் என்று கோட்டைக்குள் நடந்த அன்றாட வாழ்க்கை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அடிவாரத்துப் பியூரகானில் 1946இல் வானியல் ஆய்வகம் அமைந்தபின் அந்தப் பக்கம் நல்ல சாலையும் வந்தது. இன்று தலைநகர் எரெவானிலிருந்து காரில் புறப்பட்டால் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். குளிர்காலத்தில் மட்டும் முடியாது. பனி இறங்கியதும் மேல்பாதை மூடப்படுகிறது. அடுத்த மே மாதம் வரை கோட்டைக்கு வாகனம் போவது அரிது.